பார்வை

வான்கோழி வேட்டையில் அம்புக்கு வேலை கடைசி ஒரு நொடிதான். அதற்கு முன்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன: ஒளிந்திருப்பது, பொய்ப்பேடு ஒன்றை நிறுத்திவைப்பது, பேட்டின் குரலில் கூப்பிடுவது. இதை எனக்குச் சொன்னவள் மைனி, என் பெரியம்மா மகனின் மனைவி. நாகர்கோவிலில் நர்சிங் படித்து, வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள்.

அவளோடு வேலைபார்க்கும் இன்னொரு நர்ஸின் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறது. அந்தத் தோழிதான் வில் பழக்கிவிட்டாள். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்டு வில். நாணை முழுதாக இழுத்த பிறகு பாரத்தின் பெரும்பகுதியைச் சக்கரங்கள் ஏந்திக்கொள்ளும். இழுத்தபடியே சிறிது நேரம் காத்திருக்கலாம். உட்காருவது துணியால் ஆன ஒரு மறைப்புக் கூடாரத்துக்குள். வான்கோழிக்கு மோப்பம் குறைவு, கண் கூர்மை. நிறங்கள் தெரியும், தலையைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் தெரியும். துப்பாக்கி வைத்திருப்பவர் மரத்தில் சாய்ந்து அசையாமல் இருந்துகொள்ளலாம். வில் வைத்திருப்பவர் நாணை இழுத்தாக வேண்டும். அந்த ஓர் அசைவு போதும், பறவை போய்விடும். அதனால்தான் வில்லுக்குக் கூடாரம் தேவைப்படுகிறது. உள்ளே இருட்டாக இருக்கவேண்டும், கறுப்புச் சட்டை போட்டிருக்க வேண்டும், விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஏப்ரலில் பருவம் தொடங்குகிறது. அந்தப் பருவத்தில் சேவலைத்தான் கொல்லலாம். சேவல், அல்லது நெஞ்சில் தாடிபோல் முடிக்கற்றை தொங்கும் பறவை என்று சட்டம் சொல்கிறது. பேடுகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம் அது. இயல்பில் சேவல் தன் இடத்தில் நின்று கூவும், பேடு அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறார். சிறு மரப்பெட்டியின் மூடியை உரசியோ, கற்பலகையில் குச்சியைத் தேய்த்தோ, வாய்க்குள் மெல்லிய சவ்வு ஒன்றை வைத்து ஊதியோ பேட்டின் குரலை எழுப்புகிறார். கூடாரத்துக்கு முன்னால் பேட்டின் பொம்மை நிற்கும். சிலர் அதன் பக்கத்தில் இளஞ்சேவல் பொம்மை ஒன்றையும் நிறுத்துவார்களாம். பொறாமை வந்தால் பெரிய சேவல் சீக்கிரம் வரும். இருபது கெஜத்துக்குள் வந்தபிறகுதான் அம்பு.

"பொட்டக்கோழி சத்தத்த அங்க உள்ள ஆம்பளையெல்லாம் என்ன அழகா போடுகானுவ தெரியுமா மக்கா? அதுக்குப் போட்டியெல்லாம் உண்டு. நான் போட்டா சளி பிடிச்ச கோழி மாதிரி இருக்கு" என்றாள் மைனி. நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. பெண்ணின் குரலையும் பெண்ணின் உருவத்தையும் முன்னால் நிறுத்திவிட்டு, வில் பின்னால் இருட்டில் காத்திருக்கிறது. தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்துவரும் எனக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை.

வான்கோழி என்றாலே தமிழ் படித்தவர்களுக்கு மூதுரைதான் முதலில் நினைவுக்கு வரும். ஔவையார் பெயரில் வழங்கும் அந்த நூலில், மயில் ஆடக் கண்டு தானும் சிறகு விரித்த வான்கோழி, கல்லாதவன் சொல்லும் கவிதைக்கு உவமை. என் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தபோது, ஒரு கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் அந்த உவமையை எனக்குப் பொருத்திப் பேசினார். அவை சிரித்தது. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ பகுதியில் மனிதர்கள் அதை வீட்டில் வளர்க்கப் பழகினார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அதற்குப் பிறகே மற்ற நாடுகளுக்குப் பரவியது. அப்படியானால் மூதுரைச் செய்யுள் அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அந்தச் சொல் அன்று வேறொரு பறவையைக் குறித்திருக்க வேண்டும். எதுவானாலும் வான்கோழி மயிலைப் பார்த்து ஆடவில்லை. மயிலே இல்லாத காடுகளில், தன் இணைக்காக, தன் வாலை விரித்து ஆடிவந்த பறவை அது. இங்கே வந்ததும் நாம் அதைப் போலி என்று சொல்லிவிட்டோம். பேட்டைப்போல் கூவும் மனிதனுக்கு நம்மிடம் உவமை எதுவும் இல்லை.

மைனியின் கூடாரத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "பரணுன்னு சொல்லு" என்றாள். அம்மா பிறந்தது தேரூர்க் குளத்தை ஒட்டி. கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவிய நாட்களில் வரப்பில் உட்கார்ந்து தகரம் தட்டிப் பறவை விரட்டுவது வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. அதே குளத்தில் கண்ணி வைத்து நீர்க்கோழி பிடிப்பது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு.

"நாங்க வெரட்டுவோம், அவனுவ பிடிப்பானுவ."

"ரெண்டும் ஒரே பறவைதானாம்மா?"

"பின்ன வேற பறவைக்கு எங்க போக?"

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அந்தக் குளங்களின் பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது இன்று குற்றம், அது நல்லதுதான். நான் இங்கே வேட்டைக்கு வாதாடவில்லை. அம்மா சொன்ன வேலைப் பங்கீடுதான் என் கவனத்தில் இருக்கிறது, ஏனென்றால் அது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் தினைப்புனத்துப் பரணில் இருக்கிறார்கள். தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளியை விரட்டுகிறார்கள். தலைவன் வில்லோடும் வேட்டை நாய்களோடும் வருகிறான். தன்னிடமிருந்து தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அகப்பாடல்களில் இது பலமுறை வரும் காட்சி. பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்கள் காவலுக்காக மரத்தில் கட்டும் ஏறுமாடத்தைப் பார்த்தபோது, பரண் என்றால் என்ன என்பது எனக்கு உடம்பால் புரிந்தது. அதில் ஏறினால் எல்லாம் தெரிகிறது. எல்லோருக்கும் நாமும் தெரிகிறோம்.

பெண்ணின் பரணும் ஆணின் மறைவிடமும் வேறு வேறு. பரணில் இருப்பவள் சத்தம் போட்டாக வேண்டும். சத்தம் போடுகிறவள் எங்கே இருக்கிறாள் என்பது கிளிக்கும் தெரியும், வில்லோடு வருகிறவனுக்கும் தெரியும். அவள் கையில் உள்ள கருவி கொல்லுவதற்கு அல்ல, போகச்சொல்வதற்கு. தினை அறுத்ததும் அவளைத் திரும்ப வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இற்செறிப்பு என்று அதற்கு இலக்கணத்தில் ஒரு பெயரும் உண்டு. வில்லோடு வந்தவனை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை.

மைனிக்கு அந்தக் கூடாரம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேட்டை மட்டும் அல்ல. "நாலு மணிக்கூர் ஒருத்தரும் என்னப் பாக்கமாட்டாவ. நான் பாத்துட்டு இருப்பேன். அதுவே போதும்னு சில நாள் அம்பே எடுக்காம வந்திருவேன்" என்றாள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண், பஸ்ஸுக்குக் காத்திராமல், யாருக்கும் காத்திராமல், நான்கு மணிநேரம் சும்மா உட்கார்ந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். முதல் அரை மணியிலேயே மூன்றுபேர் வந்து எங்கே போகணும் என்று கேட்டுவிடுவார்கள்.

பார்ப்பது என்றதும் பார்வை என்ற சொல்லுக்கு வரவேண்டும். இன்றைய தமிழில் அது கண்ணின் வேலை. பழைய தமிழில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு: தன் இனத்தை ஈர்த்துப் பிடிப்பதற்காக மனிதன் பழக்கி வைத்திருக்கும் விலங்கு அல்லது பறவை. கூண்டுக் கவுதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கவுதாரியைப் பிடிப்பது நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வழக்கம். அந்தக் கூண்டுக் கவுதாரி ஒரு பார்வை. மைனியின் கூடாரத்துக்கு முன்னால் நிற்கும் பொம்மைப் பேடும் ஒரு பார்வைதான். பார்க்கிறவனின் கண்ணுக்கும், பார்க்கப்படுவதற்காகக் கட்டிவைத்த உயிருக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. ஆண் பார்வை என்று பெண்ணியக் கட்டுரைகளில் எழுதும்போதெல்லாம் இந்த இரண்டாவது பொருள் எனக்குப் பின்னால் வந்து நிற்கும்.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு வீரை வெளியனார் பாடியது. முன்றிலில் கொடிகள் அடர்ந்த ஒரு வேட்டுவன் வீடு. யானை வேட்டைக்குப் போகிறவன் களைத்துத் தூங்குகிறான். முற்றத்தில் பார்வையாக வைத்திருக்கும் பெண்மானோடு, எங்கிருந்தோ வந்த ஓர் ஆண்மான் கூடி விளையாடுகிறது. வேட்டுவனின் மனைவி அதைப் பார்க்கிறாள். கணவன் எழுந்துவிடுவானோ என்று பயம். தான் அசைந்தால் ஆண்மான் பிணையைவிட்டு ஓடிவிடுமோ என்றும் பயம். அசையாமல் இருந்துவிடுகிறாள். வீட்டில் நடமாட்டமே இல்லாததால், மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து ஆரவாரமாகத் தின்கின்றன.

இந்தப் பாட்டை இருபது வருடங்களாக வகுப்பில் சொல்லிவருகிறேன். வேட்டுவன் வீட்டுப் பெண்ணின் இரக்கம் என்று முடித்துவிடலாம். ஆனால் அவள் அப்பாவி அல்ல. பார்வையால் பிடித்த இறைச்சியைச் சமைத்தவள் அவள். அந்த வீட்டில் இறைச்சி நிறைய இருக்கிறது. பாணனை இருந்து உண்டு போகச் சொல்லித்தான் பாட்டு போகிறது. வேட்டையின் உள்வேலை அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் அன்று ஒருநாள் ஆளை எழுப்பாமல் இருக்கிறாள். அதற்கு அவள் கொடுத்த விலை அன்றைய தினை. பரணில் இருந்தபோது விரட்டப் பழகிய பெண், தன் வீட்டு முற்றத்தில் விரட்டாமல் இருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன், நான் அப்போது வேலைபார்த்த ஒரு கல்லூரியில் உள் புகார்க் குழுவில் இருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி புகார் கொண்டுவந்தாள். அலுவலகத்தில் இருந்த ஒருவர் கட்டணப் படிவத்திலிருந்து அவள் எண்ணை எடுத்து, இரவில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவள் பதில் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்தாள்.

குழுக் கூட்டத்துக்கு முன்பே எங்கள் ஆசிரியர்கள் சிலர் ஒரு யோசனையோடு வந்தார்கள். நல்லவர்கள்தான், அந்த மாணவிமேல் அக்கறை உள்ளவர்கள்தான். அவள் ஒரே ஒருமுறை இனிமையாகப் பதில் அனுப்பவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் பின்னால் வரச்சொல்ல வேண்டும். இவர்கள் பக்கத்து அறையில் போனோடு காத்திருப்பார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். யோசனையைச் சொல்லும்போது அவர்களின் முகத்தில் ஓர் உற்சாகம் வந்திருந்தது. யார் எந்த ஜன்னலில் நிற்பது என்பதுவரை பேசிவிட்டார்கள்.

அவள் கேட்டாள்: "அவரு வாறதுக்கு நான் எதுக்கு சார் அங்க நிக்கணும்? அவரு அனுப்புனது போதாதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருவர், ஆதாரம் வலுவாக இருக்கும் அல்லவா என்றார். நான் சட்டத்தை எடுத்து வைத்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதன்படி விசாரிக்கும் குழுவுக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. 90 நாட்களில் விசாரணையை முடிக்கவேண்டும். புகார் கொடுத்தவளை முற்றத்தில் கட்டிவைக்கும்படி அதில் எங்கும் எழுதவில்லை. அவள் ஓர் இனிமையான பதில் அனுப்பியிருந்தால் அந்தப் பதில்தான் முதல் ஆவணமாகியிருக்கும். அவள்தான் கூப்பிட்டாள் என்று அந்த ஆள் காட்டியிருப்பார். வான்கோழிக்கு அந்த வசதி இல்லை. அம்பு பட்ட பிறகு, கூப்பிட்டது நீதானே என்று பொம்மையிடம் சண்டைக்குப் போகாது. மனிதனுக்கு எப்போதும் அந்த வாதம் கையிலேயே இருக்கும்.

விசாரணை நடந்தது. செய்திகளே போதுமாக இருந்தன. அந்த ஆள் வேலையிலிருந்து போனார். மாணவி படித்து முடித்தாள். யோசனை சொன்ன ஆசிரியர்களில் ஒருவர் என்னோடு சில மாதம் சரியாகப் பேசவில்லை. அவருடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகித்துவிட்டதாக வருத்தம். நான் சந்தேகித்தது அதை அல்ல. ஒரு பெண்ணைக் காப்பாற்ற நினைத்த மறுநொடியே அவளை இரையாக நிறுத்தத் தோன்றுகிறது, அது எவ்வளவு பழைய பழக்கமாக இருந்தால் இவ்வளவு இயல்பாக வரும் என்றுதான் யோசித்தேன்.

எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்தைத் திருப்பிப்போட்ட ஒருத்தி உண்டு. முப்பந்தலுக்கு வருகிறவர்களுக்கு அவளைத் தெரியும். நகைக்காகக் காதலனால் கள்ளிச்செடியருகே கொல்லப்பட்டவள், மறுபிறவியில் நீலியாக வருகிறாள். அவனும் வணிகனாக மறுபடி பிறந்திருக்கிறான். நீலி கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். மனைவியின் குரலில் அழுகிறாள். ஊர்ச்சபையை நம்பவைத்து, அவனோடு ஓர் அறைக்குள் போய்ப் பழிதீர்க்கிறாள். மைனி சொன்ன வேட்டை அப்படியே இருக்கிறது: பொய்க்குஞ்சு, பொய்க்குரல், மூடிய அறை. ஒரே வித்தியாசம், இரையும் வேட்டைக்காரியும் ஒருத்தியே. வெள்ளாளச் சபையின் சத்தியமும் உயிர்களும் அந்தக் கதையில் பெரிதாகப் பேசப்படும். கொடையில் இசக்கிக்கு முன்னால் அழும் பெண்கள் சபைக்காக அழுது நான் பார்த்ததில்லை.

அந்தக் கதையைப் பாடுவது வில்லை வைத்துத்தான். வேட்டை முடிந்து வந்தவர்கள் வில்லைச் சாய்த்து மணி கட்டித் தட்டிப் பாடியதில் வில்லுப்பாட்டு பிறந்தது என்று சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். நம் மாவட்டத்தில் வில் பெண் கைக்கு வந்தது அந்த வழியாகத்தான். அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாகப் பாடத் தொடங்கி, கோயில் கோயிலாகப் போய்ப் பல பத்தாண்டுகள் பாடினார். 2018 நவம்பரில் மறைந்தார். வில்லின் முன்னால் உட்கார்ந்து வீசுகோலால் நாணை அடிக்கும் பெண்ணை ஊரே பார்க்கும். ஆனால் கதை எப்போது எங்கே திரும்பவேண்டும் என்பது அவள் கையில் இருக்கிறது. பார்க்கப்படுகிறவளாக இருந்தும் யாருக்கும் இரையாகாமல் ஒரு பெண் உட்கார்ந்திருக்க முடியும் என்பதை முதலில் எனக்குக் காட்டியது அந்த மேடைதான்.

சென்ற பருவத்தில் புறநானூற்றின் அந்தப் பாட்டை மறுபடி நடத்தினேன். வேட்டுவன் மனைவியைப் பற்றி மாணவிகள் நன்றாகவே பேசினார்கள். அவள் கணவனுக்குப் பயந்தாளா, மானுக்காகப் பயந்தாளா என்று ஒரு வாதம் நடந்தது. தினை போனதற்கு மறுநாள் அவளுக்கு அடி கிடைத்திருக்கும் என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்து அடங்கியது. மலைப்பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், அதிகம் பேசாதவள், கடைசியில் கை தூக்கினாள்.

"மிஸ், அந்தப் பெண்மானை யாரும் ஒண்ணும் கேக்கலியே. அது கட்டிப்போட்டதுதானே?"

பாட்டில் கயிறு இல்லை என்றேன். பழக்கப்பட்ட மான், அவிழ்த்துவிட்டாலும் போகாது என்று இன்னொருத்தி சொன்னாள். பார்வை என்ற சொல்லுக்குள்ளேயே கயிறு இருக்கிறதே என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்மான் காட்டிலிருந்து வந்தது, திரும்பிப் போகவும் முடியும். மனைவி எழுந்திருக்கலாம், எழாமலும் இருக்கலாம். பெண்மானுக்கு அந்த முற்றம் மட்டும்தான். புலவர் அந்தக் கூடலை இன்பம் என்று சொல்லியிருக்கிறார். மானிடம் கேட்டுச் சொன்னாரா என்று அந்த மலைப்பக்கத்துப் பெண் மறுபடி கேட்டாள். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வருவதாகச் சைகை காட்டிப் போனார்.